சார்ம் பிளஸ் பிளஸ்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டான்: “அண்ணே, பேரலல் புராஜெக்டுக்கு சார்ம் பிளஸ் பிளஸ் எடுக்கலாமா?” ஒரு பெரிய கணக்கைத் துண்டு துண்டாக்கி, பிராசஸரின் பல கோர்களில் ஒரே நேரத்தில் ஓட்ட உதவும், சி பிளஸ் பிளஸ் மேல் அமைந்த கருவி அது. போன வாரம் கேட்டிருந்தால் யோசிக்காமல் எடு என்றிருப்பேன்.

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டுச் சுவர் வழியாக வெயில் சூடு எப்படி இறங்குகிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். முன்பு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழை), லாக் (ஒன்று தொடும்போது மற்றதைத் தடுக்கும் பூட்டு) என்று எழுதினேன். ஒரே அரேயில் எட்டு கோரும் கை வைத்து, ஓட்டத்துக்கு ஓட்டம் விடை மாறியது. இப்போது சார்ம் பிளஸ் பிளஸில் சுவர் 256 துண்டு. துண்டுக்கு ஓர் ஆப்ஜெக்ட். தன் வெப்பநிலையைத் தான் மட்டுமே தொடும். பக்கத்துத் துண்டுக்கு விளிம்பு எண்களைச் செய்தியாக அனுப்பும்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமான மகனை வேறு வைப்பார்கள். ஒரே வீடுதான், ஆனால் அந்தப் புள்ளிக்கு, அதாவது அந்தத் தம்பதிக் குடும்பத்துக்கு, தனி அடுப்பு, தனி அறை, தனிக் கணக்கு. நடுவில் உள்ள வளவு (முற்றம்) பொது. அப்படி வளர்ந்தவனுக்கு இந்த அமைப்பு உடனே பிடிபட்டது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் லக்ஷ்மிகாந்த் காலே குழு 1993-லேயே இதைக் கட்டுரையாக வெளியிட்டுவிட்டது. மூலக்கூறு ஆட்கள், அணுக்களின் அசைவைக் கணக்கிட ஓட்டும் நேம்டி என்ற மென்பொருள் இதன்மேல்தான் நிற்கிறது.

என் கோபம் பப் (PUP) என்ற ஒரே ஃபங்ஷன் மேல். வெயில் படும் துண்டுகளுக்கு வேலை அதிகம். அவற்றைச் சும்மா இருக்கும் கோருக்கு ரன்டைமே (புரோகிராம் ஓடும்போது பின்னால் நின்று பார்த்துக்கொள்ளும் பகுதி) மாற்றிவிடும். அருமையான வசதி. ஆனால் ஆப்ஜெக்ட் குடிபெயரும்போது எதையெதை மூட்டை கட்ட வேண்டும் என்று நாம்தான் எழுத வேண்டும்: ‘பி’, ஒரு செங்குத்துக் கோடு, மாறியின் பெயர். கிளாஸில் புதிதாக ஒரு மாறி சேர்த்து, இங்கே எழுத மறந்தால் கம்பைலர் வாயே திறக்காது. ஒரு கோரில் ஓட்டினால் எல்லாம் சரி. எட்டில் ஓட்டினால், இடம் மாறிய துண்டுகளில் மட்டும் குப்பை எண்கள். சுண்ணாம்புப் பூச்சின் தடிமனுக்கு ஒரு மாறி சேர்த்திருந்தேன். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் போயிற்று. இத்தனை வருடத்தில் இதற்கு ஓர் எச்சரிக்கை கூட வராதது நியாயமே இல்லை.

தம்பியிடம் வேண்டாம் என்றேன். நான்கு மாத புராஜெக்டுக்கு, லூப்களைப் பல கோருக்குப் பிரிக்கும் எளிய வழியான ஓபன்எம்பி போதும்.

நான் இதை விடுவதாக இல்லை. இன்று காலை சுவரின் ஈரத்துக்கு ஒரு மாறி சேர்த்தேன். பப்பில் அந்த வரியை எழுதிவிட்டுத்தான் கிளாஸுக்கே போனேன்.