காரைக்குடிப் பக்கத்து மனச்சிதைவு மறுவாழ்வு மையம்: பயிற்சி நன்று, வீட்டார் வகுப்பு போதாது

கொட்டான் (பனை ஓலைக் கூடை) முடைவதைப் பயிற்சியாக வைத்தது நல்ல முடிவு. ஓலை கிழிப்பது, சாயம் ஏற்றுவது, அடி பின்னுவது, விளிம்பு கட்டுவது என்று வேலையைப் பிரித்து, ஒருவருக்கு ஒரு நேரத்தில் ஒன்றுதான் தருகிறார்கள். மனச்சிதைவு நோய் ஆர்வத்தையும் கவனத்தையும் மங்க வைக்கும்; அதைச் சோம்பல் என்று வைவது கொடுமை. இங்கே 20 நிமிட வேலை, பிறகு ஓய்வு. ஓலை காய்ந்து ஒடிந்தால் திட்டுவதில்லை, ஈரத்துணியில் சுற்றி வைக்கக் காட்டித் தருகிறார்கள். இரவு மாத்திரையின் அசதி காலையிலும் இருக்கும் என்பதால் 10.30 மணிக்குத்தான் தொடக்கம். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ யாரும் சொல்வதில்லை. இதற்கே தனிப் பாராட்டு.

சந்தைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்கும் பயிற்சி வாரம் ஒரு நாள்தான். காணாது. தனியாகப் பஸ் ஏறவும் பழக்க வேண்டும்.

வீட்டார் வகுப்பு ரொம்பப் பலவீனம். தூக்கம் குறைவது, ஒதுங்குவது, சந்தேகம் கூடுவது எல்லாம் நோய் திரும்புவதன் முன்னறிகுறிகளாக இருக்கலாம். அதை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் சேரும். மாற்றுத்திறனாளி சான்றிதழ் விண்ணப்பத்துக்கு உதவ இங்கே ஆள் உண்டு. முதல் நாளே கேளுங்கள்.