மூடிய பின்னும் விழித்திருக்கும் அமர்வுகள்: ஆர்ஸ்டுடியோ சர்வருடன் நான்கு ஆண்டுகள்

கோலாலம்பூரில் ஒரு கல்லூரியின் ஆய்வுப் பிரிவில் பணிபுரியும் தோழி சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார்: இருபத்தைந்து பேர் ஒரே சர்வரில் ஆர் என்னும் புள்ளியியல் நிரல்மொழியில் பகுப்பாய்வு செய்ய வேண்டியிருக்கிறது, உலாவி வழியே அந்த மொழியில் வேலை செய்ய உதவும் ஆர்ஸ்டுடியோ சர்வரின் இலவசப் பதிப்பை நம்பி இறங்கலாமா? பினாங்கில் எங்கள் பிரிவில் 2021 முதல் அதைத்தான் ஓட்டுகிறோம். 32 கோர், 128 ஜிபி ரேம், இன்றைய கணக்கில் 34 பயனர்கள். நிறுவும் வழியும் திரையின் தோற்றமும் கேட்பவருக்குத் தெரிந்தவையே என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். நான்கு ஆண்டுகளாக என்னை மகிழ்வித்ததும் வருத்தியதும் ஒரே குணம்தான் என்பதால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

எங்கள் மாணவி ஒருவர் நிபோங் தெபாலிலிருந்து வருகிறார். அவருடைய மடிக்கணினியில் இருப்பது 4 ஜிபி ரேம். மாலை ஐந்து மணிக்கு ஒரு புள்ளியியல் மாதிரியை ஓடவிட்டு, மடிக்கணினியை மூடிப் பையில் வைத்துக்கொண்டு, பினாங்குப் பாலத்தின் நெரிசலைக் கடந்து வீடு சேர்ந்து, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் உலாவியைத் திறந்தால் கர்சர் விட்ட வரியிலேயே நிற்கும். வரைபடம் வரைந்தபடியே இருக்கும், கணக்கும் ஓடிக்கொண்டிருக்கும். கணக்கு நடப்பது சர்வரில் என்பதால், கையிலிருக்கும் கருவி எவ்வளவு பழையது என்பது பொருட்டே இல்லை. இதற்கு முன்பு, உரிமம் பெற்ற மென்பொருள் இருந்த ஐந்தே கணினிகளின் முன்னால் முறை வைத்துக் காத்திருந்த பிள்ளைகளைப் பார்த்தவன் நான். அந்தக் காத்திருப்பு ஒரே வாரத்தில் ஒழிந்ததைக் கண்ட மகிழ்ச்சி இன்றும் குறையவில்லை.

ஆனால், மடிக்கணினியை மூடினாலும் அமர்வு (சர்வரில் ஒருவருக்கெனத் திறந்திருக்கும் ஆர் வேலைக்களம்) சாகாது என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. எவருடைய அமர்வும் தானாக முடிவதில்லை. ஆர் மொழி தன் தரவு முழுவதையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்வது. 1990களின் தொடக்கத்தில் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மனும் அதை உருவாக்கியபோது, ஒருவர் ஒரு கணினியில் உட்கார்ந்து வேலை செய்வார் என்பதே இயல்பான எதிர்பார்ப்பாக இருந்திருக்கும். முப்பத்து நான்கு பேர் ஒரே ரேமைப் பங்கிடும்போது நிலைமை வேறு.

எங்கள் பிரிவில் பலரும் கையாளும் தரவு, அரசின் திறந்த தரவுத் தளத்தில் கிடைக்கும் பிரைஸ்கேட்சர் விலைப் பதிவு. பார்க்கே என்னும் தரவு வடிவத்தில் மாதத்துக்கு ஒரு கோப்பாக வரும் அதில் தேதி, கடைக் குறியீடு, பொருள் குறியீடு, விலை என்று நான்கே நெடுவரிசைகள். வட்டில் அது சுருக்கி வைக்கப்பட்டிருப்பதால் சிறிதாகத் தெரியும். கடைப் பட்டியலையும் பொருள் பட்டியலையும் இணைத்தவுடன் நான்கு நெடுவரிசைகள் பதின்மூன்றாகின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் பெரும்பாலும் 8 பைட்டு வீதம், ஒரு கோடி வரிசைக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகிறது. அதில் ஒரு நெடுவரிசையைத் திருத்திப் புதிய பெயரில் வைத்தால் அந்த நெடுவரிசை மட்டுமே கூடும், ஆனால் வடிகட்டினாலோ வரிசை மாற்றினாலோ தேர்ந்த வரிசைகள் அத்தனையும் புதிதாக எழுதப்படும். மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்து, ‘புதிது’, ‘புதிது2’, ‘கடைசி’ என்று ஆறு பிரதிகளை வைத்துக்கொண்டு ஒருவர் மதிய உணவுக்குப் போனால், அவர் திரும்பி வரும்வரை அத்தனையும் ரேமில்தான் இருக்கும். அடுத்த நாள் விடுப்பு எடுத்தால்?

இதற்கு மென்பொருளே ஒரு வழி வைத்திருக்கிறது. இரண்டு மணி நேரம் வேலையின்றி இருக்கும் அமர்வை அது தானாக உறங்கவைத்து, நினைவகத்தில் இருந்ததைப் பயனரின் கோப்பகத்தில் எழுதிவிடும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் எழுப்பும்போது அத்தனையும் வட்டிலிருந்து ரேமுக்குத் திரும்பி வர வேண்டும். 15 ஜிபியோடு உறங்கிய அமர்வு எழுவதற்குப் பல நிமிடங்கள் ஆகும். அதுவரை உலாவியில் ஒரு வட்டம் சுழன்றுகொண்டிருக்கும். சர்வர் பழுதாகிவிட்டது என்று நினைத்துப் பயனர் பக்கத்தை மீண்டும் மீண்டும் புதுப்பிப்பார், பிறகு என்னை அழைப்பார். நான்கு ஆண்டுகளில் எனக்கு வந்த அழைப்புகளில் பெரும்பகுதி இந்த ஒரே காரணத்துக்காக வந்தவை.

சென்ற தைப்பூசத்துக்கு முதல் நாள் நடந்ததை மட்டும் என்னால் எளிதாக மறக்க இயலவில்லை. வெள்ளி ரதம் புறப்படும் நாள் என்பதால் அலுவலகத்தில் எவரும் இல்லை. நானும் குடும்பத்தோடு தண்ணீர்மலைப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். விடுமுறைக்கு முன் பலர் தத்தம் அமர்வுகளில் ஏதேதோ ஓடவிட்டுப் போயிருந்தனர், ஓடும் அமர்வு உறங்காது. எங்கோ வீட்டிலிருந்தபடி ஒருவர் பெரிய சிஎஸ்வி கோப்பு ஒன்றைத் திறக்க, மீதமிருந்த ரேமும் தீர்ந்தது. அந்நிலையில் சர்வரின் இயங்குதள மையமான லினக்ஸ் கெர்னல், ஓடிக்கொண்டிருக்கும் ஏதேனும் ஒரு செயல்முறையைக் கொன்று மற்றவற்றைக் காப்பாற்றும். கொல்லப்படுவது கடைசியாக வந்து கேட்டவருடையது அன்று. பெரும்பாலும் மிகுதியாக நினைவகம் வைத்திருப்பவருடையது. அன்று அப்படி வைத்திருந்தவர், முனைவர் பட்டத்துக்காக மூன்று நாளாக ஒரு பேய்சிய மாதிரியை ஓடவிட்டிருந்த மாணவி. “அண்ணா, மூணு நாளா ஓடினது அப்படியே போயிடுச்சு. நான் என்ன தப்பு பண்ணேன்?” என்று கூட்டத்தின் ஓசைக்கிடையே அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அவர் செய்த தவறு எதுவும் இல்லை. சிஎஸ்வியைத் திறந்தவருக்கோ எதுவும் ஆகவில்லை, அவருடைய கோப்பு சிக்கலின்றித் திறந்துகொண்டது.

அதன் பிறகு நான் செய்தவற்றை, தோழிக்குப் பயன்படும் என்பதால் சொல்கிறேன். உறங்கவைக்கும் கால அளவை 120 நிமிடத்திலிருந்து 40 ஆகக் குறைத்தேன். வெளியேறும்போது எல்லாவற்றையும் ஆர்டேட்டா கோப்பாகச் சேமித்து, நுழையும்போது மீண்டும் ஏற்றும் இயல்பான அமைப்பை எல்லோருக்கும் பொதுவாக நிறுத்தினேன். நான் மாற்றிய அமைப்புகளில் மிகுந்த பயன் தந்தது இதுதான். ஓர் அமர்வுக்கு 24 ஜிபி என்று வரம்பும் வைத்தேன். ஆனால் அந்த வரம்பு ஒவ்வொரு செயல்முறைக்கும் உரியதே அன்றி ஆளுக்குரியது அன்று என்பதை அனுபவத்தில்தான் அறிந்தேன். ஒருவர் தம் வேலையைப் பல துணைச் செயல்முறைகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 24 ஜிபி வரை இடம் உண்டு. இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டுகள் பலவும், கணினியில் எத்தனை கோர் இருக்கிறது என்று கேட்டு, அதில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவை அனைத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. சொந்த மடிக்கணினிக்கு அது சரி. எங்கள் சர்வரில் நான்கு பேர் அதைச் செய்தால் 32 கோருக்கு 124 செயல்முறைகள் போட்டியிடும்.

ஆர் மொழியோடு கூடுதலாக நிறுவிக்கொள்ளும் பாக்கேஜ்களைப் பற்றி இரண்டு வரி போதும். இலவசப் பதிப்பில் எல்லோருக்கும் ஒரே ஆர் பதிப்புதான்; அதை 4.2இலிருந்து 4.3க்கு உயர்த்தினால் ஒவ்வொருவரும் தம் கோப்பகத்தில் நிறுவியவற்றை மீண்டும் நிறுவ வேண்டும். பொதுவானவற்றை நானே பொது நூலகத்தில் நிறுவத் தொடங்கியபின் அந்தத் தொல்லை பெரிதாக இல்லை.

நினைவகத்துக்கு உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்தது எந்த அமைப்பும் அன்று. பார்க்கே கோப்பை முழுவதும் ஏற்றாமல், ஆரோ அல்லது டக்டிபி என்னும் கருவி வழியாக வேண்டிய மாநிலத்தையும் வேண்டிய பொருளையும் மட்டும் எடுக்கும் முறையை இரண்டு சனிக்கிழமைகளில் பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுத்தேன். முன்பு 20 ஜிபி பிடித்த கோழி விலைக் கணக்கு இப்போது அரை ஜிபிக்குள் முடிகிறது. வந்த பத்துப் பேரின் அமர்வுகள் இன்று பட்டியலில் கண்ணிலேயே படுவதில்லை. வராத இருபத்து நான்கு பேரின் அமர்வுகளை ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும் நான்தான் ஒவ்வொன்றாகப் பார்த்து, உரியவரை அழைத்துக் கேட்டு, உறங்கவைக்கிறேன். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது.

இனித் தோழியின் கேள்விக்கு வருகிறேன். இந்த மென்பொருளை எடுத்துவிடச் சொன்னால் நான் ஒப்ப மாட்டேன். நிபோங் தெபால் மாணவியை மீண்டும் வரிசையில் நிற்கவைக்க எனக்கு மனம் வராது. ஆனாலும் தோழிக்கு நான் சொன்னது, வேண்டாம் என்பதுதான். வெள்ளிக்கிழமை மாலை அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கும் ஆள் அவருடைய பிரிவில் இல்லை, அந்த வேலையை யாருக்கும் ஒதுக்கும் எண்ணமும் அங்கு இல்லை. அப்படி ஒருவரை அமர்த்தினால் மறுபடி அழையுங்கள், அமைப்புக் கோப்புகளை அப்படியே அனுப்பிவைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் சர்வருக்குக் கூடுதலாக 128 ஜிபி ரேம் கேட்டு எழுதிய விண்ணப்பம் இன்னும் மேலாளர் மேசையில் இருக்கிறது.