கையால் செய்த 807 டிரான்ஸ்மிட்டர்: ஆறு வருட அனுபவம்

இந்த டிரான்ஸ்மிட்டர் என்னிடம் வந்து ஆறு வருடம் ஆகிறது. கம்பெனிப் பெயர், சீரியல் எண், சர்க்யூட் படம் எதுவும் கிடையாது. ஒரு அலுமினிய சேஸிஸ், அதன் மேல் மூன்று வால்வுகள்: ரேடியோ அலையை உண்டாக்கும் ஆஸிலேட்டராக 6வி6, அதைப் பெருக்கி அனுப்பும் அவுட்புட்டுக்கு 807, ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபையராக 5யு4. கூடவே ஒரு தகர டப்பா நிறைய, அலைவரிசைக்கு ஏற்ப மாற்றிப் போடும் காயில்கள். யாரோ ஒரு ஹாம் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் அமெச்சூர்) உட்கார்ந்து தன் கையால் செய்தது என்பது மட்டும் பார்த்ததுமே தெரிந்தது. அதன் வரலாற்றைத் தேடியதும் அதை வைத்து மோர்ஸ் அடித்ததும் எனக்கு ஒன்றாகவே நடந்தன.

முதலில் தப்பாகத்தான் கணக்குப் போட்டேன். 807 வால்வு வெளிவந்தது 1936-ல் என்பதால் செட்டும் முப்பதுகளில் செய்தது என்று நம்பிவிட்டேன். ஆனால் அந்த வால்வு உலகப்போரின்போது ஏராளமாகத் தயாராகி, போர் முடிந்ததும் உபரிச் சரக்காக மலிவாகக் கிடைத்தது. ஹாம்கள் அதை வைத்து அதற்குப் பிறகும் பல வருடம் செட் கட்டினார்கள். ஒரு பாகத்தின் வயது, செட் அதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்காது என்று மட்டும்தான் சொல்லும். ஆகவே தேட வேண்டியது முதலில் கட்டியபோதே போட்ட பாகங்களில் மிகப் புதியதை.

எது முதலிலேயே போட்டது, எது பிறகு மாற்றியது? இதைச் சொல்லிக் கொடுத்தது சால்டரிங்தான். செய்தவர் ஒவ்வொரு கம்பியையும் டேக்கில் (கம்பியை இணைக்கும் உலோக நாக்கில்) ஒரு முழுச் சுற்று இறுக்கிச் சுற்றி, அதன் பிறகே ஈயம் வைத்திருக்கிறார். துணி உறை போட்ட கம்பிகள் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. பிளாஸ்டிக் உறைக் கம்பிகள் சிலவற்றில் சுற்றே இல்லை, சும்மா ஒட்டியிருக்கிறது. அது வேறு கை. இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகவே எனக்குச் சில மாதம் ஆனது.

முதல் கையின் வேலையில் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் (திருகிக் கூட்டிக் குறைக்கும் ரெசிஸ்டர்) இருந்தது. அதன் முதுகில் 137945 என்ற எண். 137 என்பது சிடிஎஸ் நிறுவனத்தின் குறியீடு, 9 வருடத்தின் கடைசி இலக்கம், 45 வாரம். பத்தாண்டு எது என்று அந்த எண்ணில் இல்லை. 1949-ஆ, 1959-ஆ?

பதில் காயில் டப்பாவில் கிடைத்தது. 80, 40, 20, 10 மீட்டர் அலைவரிசைகளுக்கு நான்கு காயில்கள், எல்லாம் பழைய வால்வின் அடிப்பாகத்தில் ஒரே சீராகச் சுற்றியவை. 15 மீட்டர் காயில் மட்டும் வேறு ஃபார்மரில் (கம்பி சுற்றும் உருளையில்), வேறு தடிமன் கம்பியில் இருந்தது. அந்த 15 மீட்டர், அதாவது 21 மெகாஹெர்ட்ஸ், அமெச்சூர்களுக்கு ஒதுக்கப்பட்டதே 1947 அட்லாண்டிக் சிட்டி மாநாட்டில்தான். அமெரிக்க ஹாம்களுக்கே 1952-ல்தான் அது திறந்தது. முதல் நான்கும் அதற்கு முன்னால் சுற்றியவை, ஐந்தாவது பிறகு சேர்ந்தது என்றால் எல்லாம் பொருந்துகிறது. எனக்கு 1949 முடிவு அல்லது அதை ஒட்டி என்பதில் இப்போது சந்தேகமில்லை.

சேஸிஸ் அடியில் பென்சிலில் ஒரு கால்சைன் (ஒவ்வொரு ஹாமுக்கும் அரசு தரும் அடையாளக் குறியீடு) மங்கலாகத் தெரிந்தது. கால்சைன்களைக் காலம் போனபின் வேறொருவருக்குக் கொடுப்பதுண்டு. அதனால் அந்த வருடத்து கால்புக்கைத்தான் (கால்சைன்களின் அச்சுப் பட்டியலை) பார்க்க வேண்டும், இன்றைய பட்டியலை அல்ல. ரேடியோவில் தொடர்புகொண்டதற்குச் சான்றாக ஹாம்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் க்யூஎஸ்எல் அட்டைகள் அதைவிட உதவின. ஹாம்கள் அவற்றில் தங்கள் செட்டைப் பற்றி ஒரு வரி எழுதுவது வழக்கம். பழைய அட்டைகளைச் சேர்க்கும் நண்பர் ஒருவரிடம் அதே கால்சைனில் 1951 அட்டை ஒன்று இருந்தது: "6வி6–807, 40 வாட்". அதைக் கையில் வாங்கிய நாளை மறக்க மாட்டேன்.

சரி, பயன்பாட்டுக்கு வருகிறேன். இது கேத்தோடு கீயிங், அதாவது மோர்ஸ் கீ வால்வின் கேத்தோடு முனையின் கரண்ட்டையே துண்டித்துச் சேர்க்கிறது என்பதால், கீ திறந்திருக்கும்போது அதன் முனைகளில் ஆளைத் தூக்கிப் போடும் அளவுக்கு வோல்டேஜ் நிற்கும். வெளியே ஒரு ரிலே வைத்து அதைச் சரிசெய்தேன், செட்டில் ஓட்டை எதுவும் போடவில்லை. கசிந்துகொண்டிருந்த பேப்பர் கெபாசிட்டர்களை மாற்றினேன். அலைவரிசையை நிர்ணயிக்கும் கிரிஸ்டல்களில், இன்றைய சின்ன வகை இரண்டு இதில் போய்விட்டன, இந்த ஆஸிலேட்டரின் கரண்ட்டை அவை தாங்கவில்லை. பழைய எஃப்டி-243 கிரிஸ்டல்தான் ஈடுகொடுக்கிறது. சிக்னலில் லேசாக ஒரு 'சிர்ப்' (கீயை அழுத்தும்போது சுருதி நழுவுவது) இருக்கிறது, எதிர்முனையில் கேட்பவர்கள் உடனே சொல்லிவிடுகிறார்கள்.

ஒருநாள் செட்டை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு மீட்டர் வைத்தேன். 380 வோல்ட் காட்டியது. ஃபில்டர் கெபாசிட்டரின் சார்ஜை இறக்க வேண்டிய ப்ளீடர் ரெசிஸ்டர் அறுந்து போயிருந்தது. இப்படி ஒரு செட் வாங்குபவர்கள் இதை மட்டும் எனக்காக நினைவில் வையுங்கள்: அளந்து பார்க்காமல் உள்ளே கை வைக்காதீர்கள்.

கழற்றிய பாகங்கள் எல்லாம் ஒரு உறையில் இருக்கின்றன, எது எங்கே இருந்தது என்ற குறிப்போடு. நான் செய்த மாற்றங்களைத் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, அந்தப் பென்சில் கால்சைனுக்குப் பக்கத்தில், அதை மறைக்காமல் ஒட்டியிருக்கிறேன்.