முதல் குழி யாருக்கு? பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி

கொல்லையில் நாலு குழிக்கு இடம் இருக்கிறது, என்ன வாழை வைக்கலாம் என்று என்னிடம் கேட்பவர்களில் பாதிப்பேர் ரஸ்தாளி என்ற பதிலை மனதில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். அவர்கள் நாக்கைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டெல்டாவில் ரகம் ரகமாக வாழை சேர்க்க நினைப்பவர் முதல் குழியை ரஸ்தாளிக்குக் கொடுக்கக் கூடாது. மூன்றையும் பத்து வருஷத்துக்கு மேல் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்த பிறகுதான் இதைச் சொல்கிறேன்.

என் கொல்லை திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையை ஒட்டி இருக்கிறது. 14 குழி, 9 ரகம். வியாபாரத்துக்கு வைப்பவருக்குத் தாரின் எடையும் சந்தை விலையும் கணக்கு. ஆசைக்கு வைப்பவர் கணக்கு வேறு. ஒரு மரம் தார் தள்ளி, வெட்டி, அதன் பக்கக்கன்று எழுந்து, அதுவும் தார் தள்ளி, அடுத்த கன்றும் நோயில்லாமல் எழ வேண்டும். வாழையடி வாழை என்று வாழ்த்துவது இதைத்தானே. அப்படித் தொடராத ரகத்தை என்னிடம் இருக்கிறது என்று எப்படிச் சொல்லிக்கொள்வது?

ருசியில் ரஸ்தாளிக்கு எதிரே எதையும் நிறுத்த மாட்டேன். தந்த நிறத்துக்குப் பழுக்கும் மெல்லிய தோல், வெள்ளைச் சதை, இனிப்போடு துளி புளிப்பு, கூடத்தில் தொங்கவிட்டால் வாசல் வரை வரும் மணம். குறைகளும் உண்டு. பழுத்ததும் சீப்பிலிருந்து பழம் ஒவ்வொன்றாக உதிரும். சில தாரில் பழத்துக்குள் வேகாத கிழங்குபோல் கெட்டிக் கட்டிகள் இருக்கும். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வாடல் நோய்.

பியூசேரியம் என்ற பூஞ்சாணம் மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறுகிறது. அடி இலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு மடங்கி, தண்டைச் சுற்றிப் பாவாடை கட்டியதுபோல் தொங்கும். தண்டின் அடி வெடிக்கும். கிழங்கைக் குறுக்கே வெட்டினால் செம்பழுப்புக் கோடுகள் தெரியும். மரத்தைத் தோண்டி எரித்தாலும் அந்தப் பூஞ்சாணம் அதே மண்ணில் பல வருஷம் உறங்கிக் கிடக்கும். என் முதல் ரஸ்தாளி ஒரு தார் கொடுத்தது. அதன் கன்றிலிருந்து வந்த மறுதாம்பு ஆறாம் மாதம் போனது. பக்கத்துக் கொல்லைப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “தம்பி, அந்தக் குழியில திரும்ப ரஸ்தாளி வைக்காதீங்க. பூவன வைங்க, அதுக்கு ஒண்ணும் ஆவாது” என்றார். நான் கேட்கவில்லை. லால்குடிப் பக்கத்திலிருந்து ஈட்டிபோல் குறுகிய இலையோடு எழும் நல்ல ஈட்டிக்கன்றாகப் பார்த்துக் கொண்டுவந்து அதே குழியில் வைத்தேன். ஐந்தாம் மாதம் அதே மஞ்சள். மூன்றாவதாகத்தான் பூவன் வைத்தேன். இன்று அந்தக் குழியில் நிற்பது அந்தப் பூவனின் நாலாவது தலைமுறை.

வாடல் நோயைத் தாங்குவதுதான் பூவனின் பெரிய பலம். ரஸ்தாளியும் கற்பூரவல்லியும் மொந்தனும் செத்த மண்ணில் அது நிற்கிறது. பழம் சிறியது, நுனியில் மூக்கு, லேசான புளிப்பு. தாம்பூலத்துக்கும் பூஜைக்கும் எங்கள் பக்கம் முதலில் கை போவது பூவனுக்குத்தான். இலைக்காகவே இதை வளர்ப்பவர்கள் படுகை முழுக்க இருக்கிறார்கள். பொங்கலுக்கும் திவசத்துக்கும் நான் கடையில் இலை வாங்கி வருஷங்கள் ஆகின்றன. ஆனால் வைரஸ் நோய் பூவனை விடாது. பூமடல் தேமல் வந்தால் சருகை உரித்த தண்டில் செந்நீலக் கீற்றுகள் ஓடும். இன்னொரு வைரஸ் இலையில் மஞ்சள் கோடு கோடாக விழுந்து பின்னால் கறுக்கும். இரண்டும் கன்றோடு கூடவே வருபவை. ஆகையால் பூவன் கன்றைப் பார்த்து வாங்கக் கூடாது, தாய்மரத்தைப் பார்த்து வாங்க வேண்டும். தாய்மரத்தின் தண்டைத் தடவிப் பார்க்க விடாதவரிடம் கன்று எடுக்காதீர்கள்.

கற்பூரவல்லி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. சாம்பல் பூத்த காய், தேனாக இனிக்கும் பழம், கெட்டியான உயர்ந்த தண்டு. தண்ணீர் குறைந்தாலும் மண் கொஞ்சம் உவர்ந்தாலும் சமாளிக்கும். ஆற்றில் தண்ணீர் வராத கோடையில் மற்றவை இலை சுருண்டு நிற்க, இது அசையாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 14 முதல் 16 மாதம் காத்திருக்க வேண்டும். வாடல் நோய்க்கு இதுவும் ஆளாகும். இன்னொன்று, ரகம் சேர்ப்பவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. மற்ற நாட்டு ரகங்களைப் போலில்லாமல், பக்கத்தில் மகரந்தம் உள்ள காட்டு வாழை இருந்தால் கற்பூரவல்லிப் பழத்தில் கறுப்பு விதை வைத்துவிடும். ஆசைக்கு ஒரு விதை வாழையும் வைத்திருப்பவர் இரண்டையும் தள்ளித் தள்ளி வையுங்கள்.

என் கற்பூரவல்லி 2018 வெயில் காலத்தில் வாடலில் போய்விட்டது. அதற்கு முந்தைய வருஷம் அதன் கன்று ஒன்றை மன்னார்குடியில் தங்கை வீட்டுக்குக் கொடுத்திருந்தேன். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அங்கே ஒரு வாழையைக்கூட நிற்க விடவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தங்கை போன் செய்து, “அண்ணே, நீ குடுத்த வாழை மூணு இடத்துல முளைச்சு நிக்குது” என்றாள். தண்டுதான் முறிந்தது, கிழங்கு மண்ணுக்குள் அப்படியே இருந்திருக்கிறது. அதிலிருந்து எடுத்து வந்ததுதான் இன்று என் கொல்லையில் நிற்கும் கற்பூரவல்லி.

இந்த மூன்றையும் தார் இல்லாமலே அடையாளம் காணலாம். காய் வரும்வரை பொறுக்காமல் மரத்தைப் படிக்கப் பழகுவதில்தான் இந்த ஆசையின் சுகமே இருக்கிறது. பூவனின் இளம் இலையைத் திருப்பினால் நடுநரம்பு ரோஜா நிறத்தில் இருக்கும். ரஸ்தாளித் தண்டு மஞ்சள் பச்சையாக, பழுப்புத் திட்டுகளோடு இருக்கும். இலைக்காம்பின் ஓரம் சிவந்திருக்கும். கற்பூரவல்லியின் காம்புப் பள்ளம் இரண்டு ஓரமும் உள்ளே வளைந்து மூடினாற்போல் இருக்கும். நம் வாழைகளின் இரண்டு காட்டு மூதாதைகளில் அக்குமினாட்டாவுக்குப் பள்ளம் விரிந்திருக்கும், பால்பிசியானாவுக்கு மூடியிருக்கும். கற்பூரவல்லியில் மூன்று பங்கில் பால்பிசியானாவின் பங்கு இரண்டு, பூவனிலும் ரஸ்தாளியிலும் ஒன்று. 1955-ல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்ட் என்ற இரண்டு வாழை ஆராய்ச்சியாளர்கள் இப்படி 15 அடையாளங்களுக்கு மதிப்பெண் போட்டு உலக வாழைகளையெல்லாம் வகைப்படுத்தினார்கள். அந்த முறையில் அக்குமினாட்டாவின் மொத்த மதிப்பெண் 15, பால்பிசியானாவுக்கு 75. ஓய்வான ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் மரங்களுக்கும் போட்டுப் பாருங்கள்.

மற்ற ரகங்கள் அடுத்த சுற்றுக்கு. செவ்வாழை அழகு, ஆனால் ஒன்றரை வருஷம் இடத்தை அடைக்கும். நேந்திரனுக்குக் கூன்வண்டுத் தொல்லை அதிகம். விருப்பாட்சி மலைக்காற்றுக்குப் பிறந்தது. சமவெளியில் மரம் வரும், அந்த மணம் வராது. என் மேற்கு வேலியோரம் பூவன், மொந்தன், பேயன் மூன்றும் வரிசையாக நிற்கின்றன. பூவில் இருக்கும் பிரமன் பூவன், முகுந்தன் மொந்தன், பேயோடாடும் சிவன் பேயன் என்று பெரியவர்கள் சொல்லும் சிலேடைக்காகவே அப்படி வைத்தேன்.

முதல் குழி பூவனுக்கு. இரண்டாவது கற்பூரவல்லிக்கு, முதலாவதிலிருந்து எட்டடி தள்ளி. அதன் முதல் கன்றை வேறு ஊரில் ஒரு கொல்லைக்கு அனுப்பிவிடுங்கள். ரஸ்தாளி மூன்றாவது, அதற்கு ஒவ்வொரு முறையும் புதுக் குழி வேண்டும். எந்தக் கன்று வந்தாலும் ஒட்டிய மண்ணைக் கழுவி, வேரையும் அழுகலையும் சீவி, சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியா கலந்த சேற்றில் தோய்த்த பிறகுதான் குழிக்குள் போக வேண்டும். அகன்ற இலையோடு வரும் நீர்க்கன்று வேண்டாம். திருச்சி அருகே தாயனூரில் 1993-ல் தொடங்கிய தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருப்பதால், நோயில் சந்தேகம் வந்தால் கேட்க நமக்கு இடம் பக்கத்திலேயே இருக்கிறது.

கிணற்றுக்கு அப்பால், எனக்குத் தெரிந்து வாழையே வைக்காத இடத்தில், ஒன்றரை அடிக் குழி எடுத்து ஆறப் போட்டிருக்கிறேன். கிழக்கு மூலை ரஸ்தாளியின் அடியில் இரண்டு ஈட்டிக்கன்று எழுந்திருக்கிறது. மாசியில் ஒன்று அந்தக் குழிக்கு, மற்றது மன்னார்குடிக்கு.