என்.வி.டி.ஏ: வள்ளுவர் நன்றாகத்தான் வாசிக்கிறார், பாமினிதான் படுத்துகிறது

எனக்குப் பார்வை கிடையாது. வங்கியில் எழுத்தர் வேலை. காலையில் கணினியைத் திறந்ததிலிருந்து மாலை மூடும்வரை காதில் ஓடிக்கொண்டிருப்பது என்.வி.டி.ஏ என்ற ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக்காட்டும் மென்பொருள். புதிதாக வேலைக்கு வரும் தம்பி தங்கைகள் "இது போதுமாண்ணே, இல்ல காசு போட்டு ஜாஸ் வாங்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதிவிடுகிறேன்.

போதும். ஜாஸும் இதே வேலையைச் செய்யும் நல்ல மென்பொருள்தான். ஆனால் உரிமம் வாங்காமல் ஓட்டினால் 40 நிமிடத்தில் வாயை மூடிக்கொள்ளும், கணினியை அணைத்துப் போட்டால்தான் மறுபடி பேசும். என்.வி.டி.ஏ முழுக்க இலவசம். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்க, நண்பர் ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டு வளர்த்தது. இருவருக்குமே பார்வை இல்லை; பயன்படுத்தினால் அது தெரியும். வலைப்பக்கத்தில் எச் தட்டினால் தலைப்பு தலைப்பாகத் தாவலாம், பி தட்டினால் பொத்தான்களுக்கு. அட்டவணைக்குள் கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் கட்டம் கட்டமாக நகரும். பக்கத்தைச் செய்தவர் ஒழுங்காகச் செய்திருந்தால் "பற்று", "வரவு", "இருப்பு" என்று மேல்தலைப்பையும் சேர்த்தே சொல்லும். பென்டிரைவில் போட்டு எடுத்துப்போய், நிறுவாமலே அடுத்தவர் கணினியில் ஓட்டலாம்.

தமிழ்க் குரல்தான் எல்லாரும் கேட்பது. என்.வி.டி.ஏவோடு கூடவே வரும் ஈஸ்பீக் என்ற பேச்சு மென்பொருளில் தமிழ் உண்டு. சுத்தமான இயந்திரக் குரல்; வீட்டில் அம்மா "அதக் கொஞ்சம் நிறுத்துடா" என்பார். ஆனால் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் சொல் மழுங்காது, விசையைத் தட்டிய மாத்திரத்தில் பேசும். விண்டோஸில் தமிழைப் பேச்சு வசதியோடு சேர்த்தால் மைக்ரோசாஃப்டின் ஆண் குரல் ஒன்று கிடைக்கும். பெயர் வள்ளுவர். (என் எக்செல் கணக்கையெல்லாம் அவர்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது, பாவம்.) கேட்க இதமான குரல், பதில் வர மட்டும் ஒரு கணம் தாமதம். அதனால் நான் இரண்டையும் வைத்திருக்கிறேன். என்.வி.டி.ஏவில் கான்ஃபிகரேஷன் புரொஃபைல் (தனி அமைப்புத் தொகுப்பு) ஒன்றை வள்ளுவர் குரலோடு உருவாக்கி, தொடர்ந்து வாசிக்கும்போது மட்டும் அது இயங்கும்படி அமைத்துவிட்டேன். மெனு, பொத்தான்களுக்கு ஈஸ்பீக். நீளமான கட்டுரைக்குத் தானாக வள்ளுவர் வந்துவிடுவார்.

இத்தனையும் செய்துவிட்டு இணையத்துக்குள் போனால்தான் எரிச்சல். பேருந்துக்கு முன்பதிவு செய்யும் தளம் ஒன்றில் இருக்கைப் பக்கத்துக்குப் போனால் "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்கிறது. எது ஜன்னலோரம், எது ஏற்கனவே போனது, ஒன்றும் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பெயர் எழுதியிருந்தால் என்.வி.டி.ஏ அழகாகச் சொல்லியிருக்கும். டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று சொல்லிவிட்டது. பொத்தானுக்குப் பெயர்தான் இன்னும் வைத்தபாடில்லை.

அதைவிட மோசம் தமிழ் பி.டி.எஃப். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. "அம்மா" என்று இருக்கும் இடத்தில் எழுத்தெழுத்தாக நகர்ந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கேட்கும். வள்ளுவரே வந்தாலும் என்ன செய்வார்? தமிழ் எழுத்தைத் தமிழாகவே கணினியில் பதியும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டாயிற்று. இன்றைக்கும் சுற்றறிக்கை, விண்ணப்பம், சங்க மலர் என்று இந்த வடிவில் வந்துகொண்டேதான் இருக்கிறது. நகலெடுத்து என்.எச்.எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றியில் யூனிகோடாக மாற்றினால் பெரும்பாலும் படித்துவிடலாம். அதையே ஸ்கேன் செய்து படமாக அனுப்பியிருந்தால் அதுவும் கிடையாது, படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் ஓ.சி.ஆர் தேட வேண்டும்.

மென்பொருளுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அரை போனது ஆரம்பத்தில் விசைகளை மனப்பாடம் செய்யும் சிரமத்துக்காக. கட்டளைகளுக்குச் சேர்த்து அழுத்தும் என்.வி.டி.ஏ விசை வழக்கமாக இன்சர்ட்தான். லேப்டாப்பில் அது கைக்கு எட்டாத மூலையில் இருந்தால் முதல்முறை திறக்கும்போதே கேப்ஸ் லாக்கை என்.வி.டி.ஏ விசையாகக் குறித்துவிடுங்கள், விசைப்பலகை அமைப்பையும் லேப்டாப் என்று மாற்றுங்கள். பிறகு கேப்ஸ் லாக்கோடு ஏ தட்டினால் இருக்கும் இடத்திலிருந்து கடைசிவரை வாசிக்கும், கன்ட்ரோல் தட்டினால் நிற்கும்.