ஹுவாவே பி30 லைட்: ஆறு ஆண்டுப் பயன்பாடும் அதன்மேல் விழுந்த ஆணைகளும்

2019 ஏப்ரல் கடைசி வாரத்தில் 19,990 ரூபாய் கொடுத்து ஹுவாவே பி30 லைட் கைப்பேசியை இணையத்தில் வாங்கினேன். 4 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பிடம், மயில் நீல நிறம். அதே விலைக்கு இதைவிடப் பெரிய பேட்டரி கொண்ட கைப்பேசிகள் அப்போது கிடைத்தன என்பது தெரிந்தே இதை எடுத்தேன். காரணம் இதன் 159 கிராம் எடைதான். சென்னைப் பாரிமுனையில், இறக்குமதிச் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் வேலை செய்பவன் நான். நாளில் பாதி, மணலி, மாதவரம் பக்கத்துக் கன்டெய்னர் யார்டுகளில், இடக்கையில் ஃபைலும் வலக்கையில் போனுமாகக் கழியும். சட்டைப் பையைத் தொங்கவிடாத போன் என் போன்றவனுக்குத் தேவையே தவிர ஆடம்பரமல்ல.

வாங்கி மூன்று வாரம் ஆவதற்குள், மே 15ஆம் தேதி, அமெரிக்க வணிகத்துறை ஹுவாவேயைத் தன் ‘என்டிட்டி லிஸ்ட்’ என்னும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. அப்பட்டியலில் உள்ள நிறுவனத்துக்கு அமெரிக்கத் தொழில்நுட்பத்தைக் கொடுக்க வேண்டுமானால் அந்நாட்டு அரசின் உரிமம் வேண்டும். ஆகவே, ஆறாண்டு கழித்து எழுதும் இந்த அனுபவப் பகிர்வில் கேமராவையும் திரையையும் பற்றிச் சொல்வதற்கு இருப்பதைவிட, வாஷிங்டனிலும் புதுடில்லியிலும் கையெழுத்தான தாள்களைப் பற்றிச் சொல்வதற்கே அதிகம் இருக்கிறது.

முதலில் கருவியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். 6.15 அங்குலத் திரை, வீட்டிலும் அலுவலகத்திலும் குறையில்லாதது; மே மாதத்து உச்சி வெயிலில், யார்டின் நடுவே நின்று பார்த்தால் கையைக் குடையாகப் பிடிக்க வேண்டியிருக்கும். பின்புறத்து விரல்ரேகை உணரி இன்றுவரை வேகமானது, விரலில் கிரீஸ் படிந்த நாட்களைத் தவிர. 24 மெகாபிக்சல் கேமராதான் என் பிழைப்புக்கு உதவியது. கன்டெய்னர் கதவின் சீல் எண்ணை, ஆய்வுக்கு முன்னும் பின்னும் படமெடுத்து இறக்குமதியாளருக்கு அனுப்புவது எங்கள் வேலையில் அன்றாடம். பகலில் ஒவ்வோர் எழுத்தும் துல்லியமாக விழும். மாலை மங்கியபின் படத்தில் புள்ளிகள் மண்டினாலும், எண்ணைப் படிக்க முடியாமல் திரும்பப் போன நாள் எனக்கு நினைவில்லை. 8 மெகாபிக்சல் அகலக் கோணக் கேமராவில் கன்டெய்னர் முழுவதும் அடங்கிவிடும். மூன்றாவதாக இருக்கும் 2 மெகாபிக்சல் கேமரா எதற்கென்று ஆறு ஆண்டுகளில் நான் கண்டறியவில்லை. 3,340 எம்ஏஎச் பேட்டரி முதலிரண்டு ஆண்டுகள் இரவு எட்டு மணிவரை வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கூகுள் நிறுவனம் ஹுவாவேயுடனான தொழில் உறவை நிறுத்தப்போகிறது என்ற செய்தி 2019 மே 19, 20 தேதிகளில் பரவியபோது, தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடையில் என்னைப் பார்த்து, “இருபதாயிரம் போட்டு செங்கல் வாங்கிட்டியேப்பா” என்று சிரித்தார்கள். எனக்கும் உள்ளூர அச்சமாகவே இருந்தது. பிளே ஸ்டோர், ஜிமெயில், மேப்ஸ், யூடியூப் எல்லாம் ஒரு காலையில் காணாமல் போய்விடும் என்று வாட்ஸ்ஆப்பில் வந்த தகவல்களை மறுக்கும் அறிவு அப்போது எனக்கில்லை.

நடந்தது வேறு. மே 20ஆம் தேதியே, ஏற்கெனவே மக்கள் கையில் இருக்கும் போன்களுக்கு மென்பொருள் புதுப்பிப்பு தரலாம் என்று 90 நாட்களுக்குத் தற்காலிகப் பொது உரிமம் ஒன்றை அமெரிக்க அரசு வழங்கியது. அது மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 2020 ஆகஸ்ட் 13 அன்று முடிந்தது. ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரல் எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த நிரல் என்பதால் அதை எந்த ஆணையும் ஹுவாவேயிடமிருந்து பறிக்கவில்லை; பறிபோனது, அதன்மேல் வரும் கூகுள் சேவைகளைப் புதிய மாடல்களுக்குப் பெறும் உரிமை. தன் சேவைகளை ஏற்றிக்கொள்ளலாம் என்று கூகுள் தரும் சான்றைத் தடைக்கு முன்பே பெற்றிருந்த மாடல்களுக்கு அச்சான்று செல்லுபடியாகவே இருந்தது. என் போன் அந்த வரிசையில் சேர்ந்தது.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இறக்குமதிச் சரக்குக்கு எந்த வரி விகிதம் என்பதை 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 15ஆம் பிரிவு ஒரு தேதியைக் கொண்டே முடிவு செய்கிறது: சரக்கின் விவரங்களைச் சுங்கத்துக்குத் தெரிவிக்கும் ‘பில் ஆஃப் என்ட்ரி’ தாக்கலான நாள், அல்லது அது கப்பல் வருவதற்கு முன்பே தாக்கலாகியிருந்தால் கப்பலுக்கு உள்நுழைவு அனுமதி கிடைத்த நாள். பொருள் ஒன்றே, அனுப்பியவரும் ஒருவரே. ஆனால் வரி உயர்வு அறிவிக்கப்படுவதற்கு முந்தைய நாள் நுழைந்ததற்கு ஒரு தொகை, மறுநாள் நுழைந்ததற்கு வேறொரு தொகை. என் போன் முந்தைய நாள் நுழைந்த கப்பலில் வந்த சரக்கு. 2019 செப்டம்பரில் மியூனிக்கில் வெளியான மேட் 30, இதைவிடப் பல மடங்கு திறன் வாய்ந்தது. ஆனால் கூகுள் சேவைகள் இல்லாமல்தான் வந்தது. இந்தத் தேதிக் கணக்கை ஹுவாவேயும் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது. 2020 தொடக்கத்தில் பி30 லைட்டையே கூடுதல் நினைவகத்தோடு ‘நியூ எடிஷன்’ என்றும், மே மாதம் பி30 ப்ரோவை அதேபோலவும் சில வெளிநாடுகளில் மறுபடி விற்பனைக்கு விட்டது. பழைய சான்றின் நிழலில் புதிய சரக்கு.

சான்று இல்லாமல் வந்த போன் எப்படி இருக்கும் என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்யும் என் அக்காவின் கணவர், 2020இல் கூகுள் இல்லாமல் வந்த மலிவு விலைப் போன் ஒன்றை வாங்கினார். பேசலாம், படமெடுக்கலாம், வாட்ஸ்ஆப்பும் எப்படியோ ஏறியது. ஆனால் பணம் அனுப்பும் செயலிக்கும் வழிகாட்டும் வரைபடத்துக்கும் ஒவ்வொரு முறையும் பிரவுசர் வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருந்தது. இரண்டே மாதத்தில் அதைப் பிள்ளைகளின் விளையாட்டுக்குக் கொடுத்துவிட்டார். “எல்லாம் இருக்குது மச்சான், ஆனா ஒண்ணும் இல்ல” என்று அவர் சொன்னதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தை நான் மறக்க வாய்ப்பில்லை. எல்லையில் இந்திய, சீனப் படைகளுக்கிடையே கல்வான் மோதல் நடந்தது ஜூன் 15ஆம் தேதி. சென்னையில் 19ஆம் தேதி முதல் மீண்டும் முழு ஊரடங்கு. அதே நாட்களில், சீனாவிலிருந்து வந்த சரக்குகள் சென்னைத் துறைமுகத்தில் தடுத்து நிறுத்தப்பட்டு முழுமையாகச் சோதிக்கப்படுவதாகவும், ஐபோன் செய்யும் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் ஆலைக்குப் போகவேண்டிய உதிரிபாகங்களும் அவற்றில் அகப்பட்டுக்கொண்டதாகவும் செய்திகள் வந்தன. பிறகு 29ஆம் தேதி இரவு, இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடை செய்தது. ஊரே டிக்டாக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, எனக்கு விழுந்த அடி அந்தப் பட்டியலில் இருந்த கேம்ஸ்கேனர். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், டெலிவரி ஆர்டர் என்று ஒரு நாளைக்கு நாற்பது தாளையாவது அதில் ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டிருந்தவன் நான். அடுத்த நாளிலிருந்து கூகுள் டிரைவுக்குள் இருக்கும் ஸ்கேன் வசதிக்கு மாறினேன். சற்று நின்று யோசித்தால், சீன போனில், இந்தியா தடுத்த சீனச் செயலிக்குப் பதிலாக, அமெரிக்கா தர மறுத்திருக்கக்கூடிய செயலியை, மூன்று வாரத் தேதி வித்தியாசத்தின் தயவில் பயன்படுத்திக்கொண்டிருந்தேன். மூன்று நாடுகளும் ஒரே போனுக்குள் இத்தனை இடம் பிடித்திருப்பது அன்றுதான் உறைத்தது.

போனின் மூளையாகிய கிரின் 710 சிப்பின் கதையையும் சொல்லியாக வேண்டும். ஹுவாவேயின் சிப் வடிவமைப்பு நிறுவனமான ஹைசிலிக்கான் வடிவமைத்த அதை, தைவானின் சிப் ஆலை நிறுவனமான டிஎஸ்எம்சி தன் 12 நானோமீட்டர் முறையில் (இந்த எண் குறையக் குறைய நுட்பம் கூடும்) செய்து கொடுத்தது. 2020இன் இரண்டாம் காலாண்டில், கேனலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 5.58 கோடி போன்களை அனுப்பி உலகின் முதலிடத்துக்கே ஹுவாவே வந்திருந்தது. ஆனால் அதற்கு முன்பே, அந்த மே மாதம், அமெரிக்கக் கருவிகளையோ மென்பொருளையோ கொண்டு எந்த நாட்டு ஆலையில் செய்தாலும் ஹுவாவேக்கான சிப்புக்கு உரிமம் வேண்டும் என்ற விதி பிறந்துவிட்டது. செப்டம்பர் 15 முதல் டிஎஸ்எம்சியின் கதவு மூடியது. போன் விற்பனைக்குக் கடையை அடைக்க வேண்டியதில்லை, சிப் வரும் வழியை அடைத்தால் போதும் என்பதை அமெரிக்கா சரியாகக் கணித்திருந்தது. நவம்பரில் தன் இன்னொரு போன் பிராண்டான ஹானரை ஹுவாவே விற்றுவிட்டது. இந்தியக் கடைகளில் ஹுவாவே போன்கள் மெல்ல மெல்லக் காணாமல் போயின. ஆனால் கதை அங்கேயே நின்றுவிடவில்லை. என் போனில் உள்ள அதே சிப், 710ஏ என்ற பெயரில், சீனாவின் எஸ்எம்ஐசி ஆலையில் 14 நானோமீட்டர் முறையில் மறுபிறவி எடுத்தது. 2023 ஆகஸ்ட் இறுதியில், அமெரிக்க வணிகத்துறைச் செயலர் ஜினா ரைமாண்டோ சீனாவில் இருந்த நாட்களிலேயே, எஸ்எம்ஐசியின் 7 நானோமீட்டர் சிப்புடன் மேட் 60 ப்ரோ விற்பனைக்கு வந்தது. தடையின் நோக்கம் நிறைவேறியதா என்று கேட்டால், என் மதிப்பீட்டில், என் போன்ற வெளிநாட்டு வாடிக்கையாளர்களைப் பிரித்தெடுப்பதில் முழுமையாக நிறைவேறியது. சிப் செய்யும் திறனைத் தடுப்பதில் பாதிகூட இல்லை.

பராமரிப்பு. 2022இல் பேட்டரி மதியத்துக்கே மூச்சு வாங்கத் தொடங்கியதால் பர்மா பஜாரில் 950 ரூபாய்க்கு மாற்றினேன். அலுவலகத்திலிருந்து ஐந்து நிமிட நடை என்பதால் பஜாரைத் தாண்டி வேறெங்கும் போகத் தோன்றவில்லை. மறு ஆண்டு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது நானே தவறவிட்டுத் திரை உடைந்தது. டிஸ்ப்ளே காம்போ 2,200 ரூபாய். கடற்காற்றுக்குப் பச்சை பூத்த சார்ஜிங் போர்டை ஒருமுறை மாற்றியாயிற்று. வெளிநாடுகளில் நிறைய விற்ற மாடல் என்பதால் உதிரிபாகங்கள் நான் அஞ்சிய அளவுக்கு அரிதாகிவிடவில்லை. “டிஸ்ப்ளே, பேட்டரி எல்லாம் வந்துகிட்டே இருக்கும்ணே. போர்டு போச்சுன்னா மட்டும் ஏங்கிட்ட எடுத்துட்டு வராதீங்க” என்றார் சர்வீஸ் செய்யும் தம்பி.

மென்பொருளில்தான் வயது தெரிகிறது. 2020இல் ஆண்ட்ராய்டு 10 வந்தது. அதன்பின் அந்த எண் நகரவே இல்லை. பாதுகாப்புப் புதுப்பிப்புகள் நின்றுபோன பிறகும் ஓராண்டு அசட்டையாக இருந்தேன். பிறகு வங்கிச் செயலிகளையும் யூபிஐயையும் சிம் அட்டையோடு வேறொரு போனுக்கு மாற்றிவிட்டேன். பழைய போனில் பணம் வைத்துப் புழங்குபவர்கள் இதைத் தள்ளிப்போடாமல் செய்வது நல்லது.

அந்தப் புதிய போனை வாங்கக் கடைக்குப் போனபோதுதான் நாடுகளின் சண்டைக்கு நானும் கப்பம் கட்டுகிறேன் என்பது புலப்பட்டது. 2017இல் 10 விழுக்காடாகத் தொடங்கிய கைப்பேசி இறக்குமதி வரி, 2018 பிப்ரவரிக்குள் 20 ஆனது. 2024 ஜூலை பட்ஜெட்டில்தான் 15க்கு இறங்கியது. ஜிஎஸ்டியோ 2020 ஏப்ரல் முதல் 12க்குப் பதில் 18. இந்த வரிச் சுவருக்குள்தான் ஸ்ரீபெரும்புதூரின் கைப்பேசி ஆலைகள் வளர்ந்தன. 2025 ஏப்ரலில் சீனப் பொருட்களின் மீதான அமெரிக்க வரி 145 விழுக்காடுவரை ஏறியபோது, ஆப்பிள் நிறுவனம் சுமார் 600 டன் ஐபோன்களைச் சரக்கு விமானங்களில் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்கு ஏற்றியதாகவும், அதற்காகச் சென்னை விமான நிலையத்தில் சுங்க நடைமுறை நேரம் 30 மணியிலிருந்து 6 மணியாகக் குறைக்கப்பட்டதாகவும் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. எல்லோரும் 600 டன்னைப் பற்றி வியந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் பேசியது அந்த 6 மணி நேரத்தைப் பற்றி. அதன்பின் சில நாட்களிலேயே கைப்பேசிகளுக்கு, அந்த வரியின் பெரும்பகுதியான ‘பதிலடி வரி’யிலிருந்து விலக்கும் அறிவிக்கப்பட்டது.

பஜாரில் இந்த மாடல் பழைய போனாக இன்றும் கைமாறுகிறது. வாங்க நினைப்பவர்கள் விலை பேசுவதற்கு முன், பிளே ஸ்டோரின் அமைப்புகளுக்குள் சென்று ‘பிளே புரொடெக்ட்’ சான்று அந்தக் கருவிக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹுவாவேயின் பிந்தைய மாடல்களில் பெயரை மட்டும் பார்த்து ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும். பிள்ளைகளின் படிப்புக்கோ, வீட்டில் பாட்டுக் கேட்கவோ, என்னைப்போல் படமெடுக்கவோ என்றால் தாராளமாக வாங்கலாம். என்னுடையது சிம் இல்லாமல், மூன்றாவது பேட்டரியுடன், அலுவலக மேசை இழுப்பறையில் இருக்கிறது. யார்டுக்குப் போகிறவர் யாரானாலும் அதை எடுத்துப் போகிறார். நேற்றும் நான்கு கன்டெய்னர்களின் சீல் எண்கள் அதில்தான் பதிவாயின.