மணிக்கூலிக்காரருக்குச் சம்பளப் பேரம் கற்றுத்தர முடியுமா? ஓர் இணையப் பயிற்சியின் மதிப்புரை

சரக்குக் கிடங்கில் பொருள்களைப் பிரித்துப் பொதி கட்டும் வேலையில் எனக்கு இது நான்காவது ஆண்டு. போன மாதம் சேர்ந்தவருக்கும் எனக்கும் மணிக்கூலி ஒன்றுதான் என்று தற்செயலாகத் தெரியவந்த நாளில், சம்பள உயர்வு கேட்கக் கற்றுத்தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் இணையப் பயிற்சியில் பணம் கட்டிச் சேர்ந்தேன். 6 காணொலிப் பாடங்கள், ஒரு கணக்குத் தாள், பயிற்றுநருடன் தொலைபேசியில் 2 ஒத்திகைகள்; இவற்றுக்கான கட்டணம் என் மூன்று நாள் கூலி. குறைந்த சம்பளக்காரர்களுக்கும் ஏற்றது என்று அவர்கள் சொல்லிக்கொள்வதால், அந்த இடத்தில் நின்றே இதை மதிப்பிடுகிறேன்.

கொடுத்த பணத்துக்கு ஈடானது இரண்டாம் பாடத்துடன் வரும் கணக்குத் தாள் மட்டுமே. கையில் வந்த தொகையிலிருந்து சீருடை, கையுறை போன்றவற்றுக்கு நாம் செலவழித்ததைக் கழித்து, மிச்சத்தைப் பதிவேட்டில் உள்ள மணிகளால் அல்லாமல், வேலைக்காக உண்மையில் கொடுத்த மணிகளால் வகுக்கச் சொல்கிறது அது. ஷிஃப்ட் தொடங்குமுன் சாமான்களைச் சரிபார்க்க 20 நிமிடம், முடிந்த பின் வாயிலில் சோதனைக்காக வரிசையில் நிற்க 15 நிமிடம் என்று நாளுக்கு 35 நிமிடம் கணக்கில் ஏறாமல் போவதை அதுவரை நான் கூட்டிப் பார்த்ததே இல்லை. மாதம் 24 வேலைநாள் என்றால் அது 14 மணி நேரம். எட்டு மணி ஷிஃப்ட் இரண்டுக்குச் சற்றுத்தான் குறைவு. சம்பளம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, எது போதவில்லை என்பதை எண்ணில் சொல்ல வந்தது இதனால்தான்.

மூன்றாம் பாடம், முதலில் சொல்லப்படும் எண் பேரத்தையே தன் பக்கம் இழுத்துவிடும் என்கிறது. அதற்குச் சான்றாக, ட்வெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் 1974இல் வெளியிட்ட சோதனை காட்டப்படுகிறது: சக்கரத்தைச் சுழற்றி 10 என்ற எண்ணைப் பார்த்தவர்கள் ஐ.நா. சபையில் ஆப்பிரிக்க நாடுகளின் பங்கு 25 விழுக்காடு என்றும், 65ஐப் பார்த்தவர்கள் 45 விழுக்காடு என்றும் ஊகித்தார்கள். சுவையான செய்தி, ஆனால் எங்களைப் போன்றவர்கள் வாய் திறக்கும் முன்பே அந்த முதல் எண் சட்டத்தின் குறைந்தபட்சக் கூலியாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று வகுத்த எல்லை, இதற்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்ற வாதமாக முதலாளியின் வாயில் திரும்பி வரும்போது என்ன பதில் சொல்வது என்பதற்கு அந்தப் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் கூலியை நிர்ணயிக்கையில் தொழிலாளியின் தேவைகளோடு அவர் குடும்பத்தின் தேவைகளையும் கருத வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1970ஆம் ஆண்டு உடன்படிக்கை (எண் 131) சொல்வதையாவது குறிப்பிட்டிருக்கலாம்.

ஒத்திகைகள் இன்னும் ஏமாற்றம். பயிற்றுநர் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள மேலாளராக நடித்தார். நான் நன்றாகவே பேசினேன். கிடங்கிலோ நான் பேசக்கூடிய ஒரே ஆள் மேற்பார்வையாளர். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எனக்கே போன வருடம் ஏறவில்லை, தம்பி” என்றார். கூலி, நிறுவனத்துக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையே எப்போதோ எழுதப்பட்ட தாளில் இருக்கிறது. அந்தத் தாளை அவரும் பார்த்ததில்லை. யாரிடம் கேட்பது என்ற கேள்வியைத் தொடாமலே எப்படிக் கேட்பது என்பதற்கு மூன்று பாடங்கள் செலவிட்டிருக்கிறார்கள். “விலகிப் போகத் தயாராக இருங்கள்” என்ற நான்காம் பாடத்தைப் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை. அடுத்த மாத வாடகையைக் கையில் வைத்திருப்பவர்களுக்காக எழுதப்பட்டது அது.

எனக்குக் கோபம் வந்தது முதல் பாடத்தை இரண்டாம் முறை கேட்டபோதுதான். உடன் வேலை செய்பவர்களிடம் சம்பளத்தைப் பற்றிப் பேசாதீர்கள், அது உங்கள் மதிப்பைக் குறைக்கும் என்று அதில் வருகிறது. நான் அதை மீறி, கணக்குத் தாளைப் படியெடுத்து ஆறு பேருக்குக் கொடுத்தேன். எழுவரும் ஒரு மாதம் நிமிடங்களைக் குறித்துவைத்து, கையெழுத்திட்டு, ஒப்பந்ததாரர் அலுவலகத்தில் ஒன்றாகப் போய்க் கொடுத்தோம். மணிக்கூலி ஏறவில்லை, ஆனால் தொடக்கத்துச் சரிபார்ப்பு 20 நிமிடமும் அடுத்த மாதத்திலிருந்து வேலைநேரமாகப் பதிவாகிறது. வாயில் வரிசை இன்னும் எங்கள் கணக்கில்தான் நிற்கிறது. கூட்டுப் பேரத்தை ஊக்குவிக்கச் சொல்லும் சர்வதேச உடன்படிக்கை (எண் 98) 1949இலேயே வந்துவிட்ட நிலையில், அந்தச் சொல்லே இல்லாமல் ஒரு சம்பளப் பேரப் பயிற்சியை எப்படி உருவாக்கினார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

தனக்கென்று சம்பளம் பேசி முடிவு செய்யும் வேலையில் இருப்பவருக்கு இந்தப் பயிற்சி பயன்படலாம். ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் தருகிறேன்; இரண்டும் கணக்குத் தாளுக்கே. இதையெல்லாம் பயிற்சி நிறுவனத்துக்கு எழுதியபோது, குழுவாகக் கேட்பது பற்றித் தனிப் பாடம் சேர்ப்பதாகப் பதில் வந்தது. நேற்றுப் பார்த்தபோதும் பட்டியலில் பாடங்கள் ஆறுதான்.